கேட்பதற்கு முன்னால் பையைத் திறப்பவர்கள்

துணிக்கடையின் வெளிவாசலில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளம் போடுகிற இடத்தைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. கீழ்த்தளத்தில் துண்டு மடிக்கும் பெண்களிலிருந்து மேல்தளத்தில் ஏசி அறைக்குள் இருக்கும் மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஸ்கேனர் அக்காதான். வாசலில் நிஜமான இயந்திரம் ஒன்றும் நிற்கிறது. அது இடுப்பு பெல்ட்டைப் பார்த்தாலும் அலறும், குழந்தையின் பொம்மையைப் பார்த்தாலும் அலறும், அலற வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். அக்கா அலறுவதில்லை. பில்லையும் பையையும் ஒத்துப் பார்ப்பாள், பில்லில் ஓட்டை போடுவாள், சிலரை மட்டும் "கொஞ்சம் இப்படி வாங்க" என்பாள். அப்படி அழைக்கப்பட்டவர்களில் பலருக்கு நின்ற இடத்திலேயே முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும்.

எப்படிக்கா கண்டுபிடிக்கிறீங்க என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கேட்பார்கள். அக்காவுக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது.

"பதறுறவங்க திருடுறதில்ல. போலீஸப் பார்த்தா நமக்கே பதறுது. நீ கேக்குறதுக்கு முன்னாடியே பையத் திறந்து, பாருங்க பாருங்கன்னு மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க பாரு, அங்கதான் விஷயம். அப்ப பையப் பார்க்காத. இன்னொரு கையப் பாரு."

இது கடைக்கு நல்ல பாடம். வீட்டுக்கும் இதையே அக்கா தூக்கிக்கொண்டு போனதுதான் தொல்லை. பால்காரர் இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றியிருக்கேன் என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்கப் பாலில் என்ன கலந்தான் என்று ஆராய்ச்சி நடக்கும். இரண்டு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மூன்றையும் முகர்ந்து பார்ப்பாள். அவளுடைய கணவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். யார் என்ன சொன்னாலும் "அப்படியா, சரி" என்று தலையாட்டுகிற ரகம். இப்படிப்பட்ட இரண்டு பேரை யார் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்தார்களோ தெரியாது. மகள் முதன்முதலாக வாய் திறந்து 'அம்மா' என்று சொன்னபோது, "உனக்கு என்ன வேணும்?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். இது குழாய்க்காரர் கட்டிவிட்ட கதை. ஆனாலும் அக்காவைத் தெரிந்த ஒருவரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

சந்தேகம் அவளுக்குக் கடையில் வந்தது என்று நினைத்தால் தப்பு. அது பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. அப்போது சின்னப் பெண். வகுப்புக்கு வந்த டீச்சர் சிரித்த முகமாக, "புத்தகம் வாங்க முடியாதவங்க கையைத் தூக்குங்க. யாரையும் வித்தியாசமா நடத்த மாட்டோம்" என்றார். வித்தியாசத்தைப் பற்றி யாருமே அதுவரை கேட்கவில்லை. இவள் நம்பிக் கையைத் தூக்கினாள். புத்தகம் வந்தது, அட்டையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு முத்திரையோடு. அந்த வருடம் பள்ளி நாடகத்தில் இவளுக்குப் பேச நாலு வரி கொடுத்திருந்தார்கள். அந்த நாலு வரியும் அடுத்த வாரமே வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அதற்கும் முத்திரைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இவளுக்கு ஒப்பித்துக் காட்டவும் சரியாக வராது. ஆனால் அந்த வயதில் மனதில் விழுந்தது விழுந்ததுதான். கை தூக்குகிறவர்களைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது மகள் விஷயத்துக்கு வருவோம். பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் அந்தப் பெண் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சாதாரணக் கல்லூரி இல்லை. முதல் வருடம் இன்ன படிப்பு என்றே கிடையாதாம். காலையில் கணக்கு, மத்தியானம் நாடகம், சாயங்காலம் மண்ணைத் தோண்டிப் பழைய ஓடு பார்ப்பது என்று எல்லாவற்றிலும் கால் நனைத்துவிட்டு, எது பிடிக்கிறதோ அதில் பிறகு இறங்கிக்கொள்ளலாம்.

"என்ன வாங்கப் போறோம்னே தெரியாம கடைக்குள்ள சுத்துறவங்கள நான் தினமும் பார்க்கறேன். அவங்க வெறுங்கையோட போறதே இல்ல" என்றாள் அக்கா.

"நான் என்னம்மா திருடவா போறேன்? படிக்கப் போறேன்."

பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். மூன்று பேருமாகப் போனார்கள். நிதியுதவிப் பிரிவின் அதிகாரி மேடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், ஜலதோஷக் குரல். எடுத்த எடுப்பிலேயே, "முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். உங்க வசதியை நாங்க பார்க்கறதே இல்ல" என்று ஆரம்பித்தார். விண்ணப்பங்களைப் படித்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் வேறு, பணம் பார்க்கிறவர்கள் வேறாம். யார் உதவி கேட்டார்கள் என்பது தேர்வு செய்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். தேர்வான பிறகு, கட்ட முடியாதது எவ்வளவோ அவ்வளவையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளுமாம். குழாய்க்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகள் சீட்டு நுனியில் உட்கார்ந்து கேட்டாள்.

அக்கா அவர் பேச்சைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தாள். பேசி முடிக்கும்வரை அவருடைய இடது கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

"யாருமே கேக்கல. அதுக்குள்ள பார்க்கறதில்ல, பார்க்கறதில்லன்னு ஏன் அடிச்சுக்கிறாரு?" என்று பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள்.

"அவங்க கொடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே" என்றார் கணவர்.

"உங்களுக்கென்ன, காதுல பூ சுத்தினா இன்னொரு காதையும் காட்டுவீங்க."

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள் மாடிவீட்டு அக்கா. அவளுடைய மகன் போன வருடம் இதே கல்லூரிக்கு விண்ணப்பித்து, உதவியும் கேட்டிருந்தான். இடம் கிடைக்கவில்லை. துணி காயப்போட வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காசு வேணும்னு எழுதினோம் பாரு, அதோட முடிஞ்சுது. வாயத் திறக்காம இருந்திருந்தா உள்ள போயிருப்பான்" என்றாள். அந்தப் பையன் விண்ணப்பக் கட்டுரையைக் கடைசி நாளில் யாரிடமோ எழுதி வாங்கினான் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அக்காவுக்கு அது வேண்டியதில்லை. பள்ளிக்கூட முத்திரையும், பாக்கெட்டில் இருந்த கையும், மாடிவீட்டுப் பையனும் சேர்ந்து அவள் மனதில் ஒரு கேஸே தயாராகிவிட்டது.

மகள் தன் பங்கு விண்ணப்பத்தை ராப்பகலாக உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். என்ன எழுதினாள் என்று அக்கா கேட்கவில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு. உதவி கேட்கும் பகுதியைப் பெற்றோர்தான் அனுப்ப வேண்டும் என்று அவளுடைய போனுக்கு ஒரு லிங்க் வந்திருந்தது. வீட்டு விவரம், சம்பள விவரம் எல்லாவற்றையும் கணவரும் மகளும் சேர்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் 'அனுப்பு' என்று இருந்த பச்சைக் கட்டத்தை அவள் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பெற்றோரின் கணக்கு வழக்கு பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று, இது போனதா இல்லையா என்பது மகளுடைய பக்கத்தில் தெரியாது.

கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இப்போது கேட்காதவர்கள் சேர்ந்த பிறகு இரண்டு வருடத்துக்கு உதவி கேட்க முடியாது. அக்கா படிக்காமல் விட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொடி எழுத்தைத்தான் அவள் முதலில் படிப்பாள். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள். அவளுடைய கடையிலும் கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது, விற்ற பொருள் மாற்றித்தரப்பட மாட்டாது என்று. ஆனால் மேல்தளத்துக்குப் போய் மேனேஜர் முன்னால் கொஞ்சம் மூக்கைச் சிந்தினால் போதும், மாற்றிக் கொடுத்துவிடுவார். போர்டு என்பது பயமுறுத்துவதற்கு. முதலில் பெண் உள்ளே நுழையட்டும், அப்புறம் போய் அழுது வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

"அனுப்பிட்டியாம்மா?" என்று மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"அனுப்பிட்டேன்" என்றாள் அக்கா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

மகள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா சொன்னாள், முடிந்தது. ஊரையே சந்தேகப்படுகிறவளை வீட்டில் யாரும் சந்தேகப்பட்டுப் பழகவில்லை.

நடுவில் கல்லூரியிலிருந்து நினைவூட்டல்கள் வந்தன. உங்கள் பகுதி இன்னும் வந்து சேரவில்லை, உதவி தேவையென்றால் தயங்காமல் அனுப்புங்கள் என்று. அக்கா ஒவ்வொன்றாக அழித்தாள். காசு கொடுப்பதற்காக ஆளைத் துரத்துகிற இடத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. துரத்தத் துரத்த அவளுடைய சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

மகளுக்கு இடம் கிடைத்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. குழாய்க்காரர் வேலைக்குப் போன வீட்டில் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடி வந்தார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையில் பாதி மகளைப் பற்றியது. மீதி, தான் அந்தப் பச்சைக் கட்டத்தை அழுத்தாமல் விட்ட சாமர்த்தியத்தைப் பற்றியது. மாடிவீட்டு அக்காவைப் பார்த்து ஒரு மாதிரி தலையசைத்துவிட்டுப் போனாள்.

பிறகு கட்டண விவரம் வந்தது. முழுக் கட்டணமும் அப்படியே இருந்தது. உதவி என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. அந்தத் தொகையைக் கட்டுவதென்றால் அவர்கள் இரண்டு பேரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டினாலும் ஆகாது.

"ஏதோ தப்பு நடந்திருக்கும்மா. நான் போன் பண்ணிக் கேக்கறேன்" என்றாள் மகள்.

"நீ பண்ணாத. நானே நேர்ல போய்ப் பேசிட்டு வரேன்" என்றாள் அக்கா.

கடையில் லீவு சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். கல்லூரி வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவளுடைய பையைப் பார்க்கவில்லை. யாருடைய பையையும் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு வாசலா என்று எரிச்சல் வந்தது அவளுக்கு.

மேடையில் பேசிய அதே அதிகாரிதான். மேசையில் கோப்புகளும் ஒரு வெந்நீர் பிளாஸ்க்கும் இருந்தன. பேச ஆரம்பிப்பதற்குள் மூன்று தும்மல் தும்மி, இடது பாக்கெட்டிலிருந்து கசங்கின கைக்குட்டையை எடுத்தார். துடைத்த பிறகும் பாக்கெட்டுக்குள் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்தக் கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அக்காவுக்கு அப்போது புரிந்தது.

"உங்க பகுதி வரவே இல்லையேம்மா. நாலஞ்சு தடவை நினைவூட்டல் தானாவே போயிருக்கே" என்றார், அவள் நீட்டிய கட்டண விவரத்தைப் பார்த்துவிட்டு.

அக்கா விடவில்லை. கடையில் ஆளை மடக்குகிற மாதிரி, சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டாள்.

"என் பொண்ணு கட்டுரையில என்ன சார் எழுதியிருந்தா?"

கேட்டுவிட்டு அவர் கண்ணையே பார்த்தாள். பொய் சொல்லுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கணம் மேலே பார்ப்பார்கள். அவர் அவளையேதான் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. அதை நான் பார்க்க முடியாது, அது எதிர்க் கட்டடம். உங்க பொண்ணு பேரே இந்தக் கட்டணம் போட்டப்பதான் எனக்கு வந்தது. ஏன், நல்லா எழுதியிருந்தாளா?"

அக்காவுக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேரைப் பார்த்த கண் அது. எதிரே இருக்கிறவர் நிஜத்தைத்தான் சொல்லுகிறார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அவர் மேடையில் சொன்னதும் நிஜம்தான். ஒரு மனிதன் கேட்பதற்கு முன்னால் பையைத் திறந்து காட்டியதற்கு, அதில் ஒன்றும் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"நான்தான் சார் அனுப்பல" என்றாள். "கேட்டா எடம் தர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பெருமூச்சு விட்டார்.

"வருஷா வருஷம் சில பேர் இப்படிப் பண்றாங்கம்மா. வசதி இருந்தும், சேர்ந்த பிறகு காசில்லன்னு வந்து ஏமாத்தறவங்க உண்டு, உங்கள மாதிரி பயந்தவங்களும் உண்டு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு எங்களுக்கு. அதனாலதான் அந்த ரெண்டு வருஷ விதி. இருக்கற பணத்த, கேட்டவங்களுக்கெல்லாம் பிரிச்சாச்சு. இப்ப உங்களுக்குக் கொடுக்கணும்னா ஒரு பிள்ளைகிட்டேருந்து எடுக்கணும்."

அழுது வாங்கலாம் என்று வந்தவளுக்கு அழுகை வரவில்லை. மனமிருந்தால் மாற்றிக் கொடுக்கக்கூடிய மேனேஜரையும், மனமிருந்தும் கையில் ஒன்றும் இல்லாத மேனேஜரையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியும். இவர் இரண்டாவது ரகம். வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். இருந்த ஒரே வழியை அவர் சொன்னார். இந்த வருடத்து இடத்தை விட்டுவிட வேண்டும். அடுத்த வருடம் உதவியும் கேட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

"இந்த வருஷம் எடம் கெடச்ச பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியுமில்ல சார்?"

"தெரியாதும்மா. அதையும் காட்டறதில்ல. மறுபடி எல்லார்கூடவும்தான் போட்டி."

பார்க்கிறார்கள் என்று பயந்து காரியத்தைக் கெடுத்தவள், இதையாவது பார்க்கக் கூடாதா என்று அங்கே உட்கார்ந்து ஏங்கினாள்.

வீட்டுக்கு வந்து மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. மகள் கத்தவில்லை. கேட்டு முடித்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கம் பார்த்தாள்.

"அங்க நின்னுதானே சொன்ன? அனுப்பிட்டேன்னு."

"உன் நல்லதுக்குத்தாண்டி..."

"நான் என்ன எழுதினேன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

"இனிமே எதுக்கு" என்று மகள் எழுந்து போய்விட்டாள். குழாய்க்காரர் முதல்முறையாக எதற்கும் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருக்கலாம். திட்டத் தெரியாத மனிதர்.

அந்த ஒரு வருடத்தை வீட்டில் உட்கார்ந்து கழிக்க மகளுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் கடையிலேயே, குழந்தைகள் உடுப்புப் பிரிவில் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். வேலை செய்கிறவர்களும் வெளியே போகும்போது பையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மற்றப் பெண்கள் அக்காவைத் தூரத்தில் பார்த்ததுமே சிரித்துக்கொண்டு பையை விரித்துவிடுவார்கள். மகள் பையை மூடியபடியே வந்து நிற்பாள். ஸ்டூலுக்கு முன்னால் நின்று, அம்மா வாயைத் திறந்து கேட்கும்வரை காத்திருப்பாள்.

"பையக் காட்டு" என்பாள் அக்கா. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த வார்த்தையை மகள் முகத்தைப் பார்க்காமலேதான் சொல்வாள். கேட்காமல் விடவும் முடியாது, மேலே கேமரா இருக்கிறது. மகள் திறந்து காட்டுவாள். உள்ளே டிபன் டப்பா, குடை, படித்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புத்தகம். பிறகு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. உப்பு போதுமா, குடையை எடுத்துக்கோ என்கிற அளவுக்குப் பேச்சு இருந்தது.

மறுபடியும் விண்ணப்பக் காலம் வந்தது. மகள் புதிதாக ஒரு கட்டுரை எழுதினாள். இந்தத் தடவை அக்கா என்ன எழுதுற என்று கேட்டாள். "எழுதிட்டு இருக்கேன்" என்று பதில் வந்தது. இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பெண்ணும் பத்தோடு பதினொன்றுதான்.

அக்காவின் போனுக்கு லிங்க் வந்தது. இந்த முறை எல்லா விவரங்களையும் அவளே நிரப்பினாள். கணவரை ஒரு தடவை சரிபார்க்க வைத்தாள், தானும் இரண்டு தடவை சரிபார்த்தாள். மகள் சமையலறைக்கு வந்து, போன வருடம் நின்ற அதே வாசலில் நின்றாள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வலது கையில் போனைப் பிடித்துப் பச்சைக் கட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, வந்து சேர்ந்தது என்று காட்டியது. அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாரு, அனுப்பிட்டேன். நீயே பாரு."

மகள் போனைப் பார்க்கவில்லை. முந்தானைக்குள் சுருண்டிருந்த அம்மாவின் இடது கையைப் பார்த்தாள். வேண்டுமென்று பார்க்கவில்லை, சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாடம், கண் தானாகப் போய்விட்டது. அக்காவுக்கும் அது தெரிந்தது. அந்தக் கையையும் வெளியே எடுத்து, விரல்களை விரித்து, ஒன்றும் இல்லை என்று காட்டினாள். அதையும் மகள் கேட்பதற்கு முன்னால்தான் செய்தாள்.